அப்பாவின் வலது கையும் ஒரு வெப் கேமராவும்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதமே ஒரு சண்டை வந்துவிடும். "படிக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம், எப்போது பார்த்தாலும் கேம்ஸ்தானா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் நடந்தது. நான் பிளஸ் டூ படிக்கையில், அப்பா ஒரு நாள் கீ போர்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். அதே அப்பாவை மானிட்டர் முன் உட்கார வைத்து, "இன்னும் ஒரு ஆட்டம் ஆடுங்கப்பா" என்று நான் கெஞ்சுகிற காலம் பின்னால் வந்தது.

அப்பாவுக்கு விருதுநகர் பக்கம் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை. ஒரு நாள் காலை கடை திறக்கும்போது வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பக்கவாதம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் உயிருக்கு ஆபத்து இல்லை. இரண்டு மாதத்தில் கைத்தடியுடன் நடக்கத் தொடங்கிவிட்டார். கை மட்டும் வரவில்லை. நாற்பது வருடம் பொட்டலம் மடித்த கை, மடியில் அப்படியே கிடந்தது.

பிசியோதெரபி செய்கிற அம்மணி வாரத்திற்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்தார். மற்ற நாட்களில் நாங்களே செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். டம்ளரை மேசையிலிருந்து எடுத்து எதிரில் உள்ள பலகையில் வைப்பது, திரும்ப எடுப்பது, கையை நீட்டுவது, மடக்குவது என எல்லாமே எளிதானவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் ஐம்பது முறை, நூறு முறை செய்ய வேண்டும். அப்பா பத்து முறை செய்துவிட்டு "முடிச்சாச்சு" என்பார். அம்மா உள்ளேயிருந்து "எங்க முடிச்சீங்க?" என்பார். தினமும் இதே கதை.

நான் சென்னையில் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் புரோகிராமர். சில மாதங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி ஊருக்கு வந்திருந்தேன். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு கம்ப்யூட்டர் கேம்ஸ் பயன்படுமா என்று அப்போதுதான் தேடத் தொடங்கினேன். தேடிப் படித்ததையும், நானே செய்து பார்த்ததில் தவறிய ஓர் இடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எத்தனை முறை என்பதுதான் கணக்கு

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் செல்வது தடைபட்டு, அங்குள்ள செல்கள் இறந்துவிடுகின்றன. அவை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் பக்கத்தில் உள்ள நல்ல பகுதிகள், அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளப் பழகலாம். மெயின் ரோட்டில் பாலம் இடிந்தால் வண்டிகள் சந்துகளில் புகுந்து போகுமே, அதைப் போல. சந்து முதலில் குண்டும் குழியுமாகத்தான் இருக்கும். வண்டி போகப் போகத்தான் தடம் விழும். மூளையிலும் அப்படித்தான். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை முயன்றால்தான் புதிய தடம் உறுதியாகிறது.

இங்குதான் சிக்கல். 2009ஆம் ஆண்டு கேத்தரின் லாங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 இடங்களில், 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்து, நோயாளி கையை எத்தனை முறை அசைக்கிறார் என்று எண்ணினார்கள். பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயனுள்ள அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32தான் இருந்தன. இதே துறையில் விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில், மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு 400 முதல் 600 முறை வரை பயிற்சி கொடுத்திருந்தார்கள். 32 எங்கே, 400 எங்கே? வசதியான நாட்டு மருத்துவமனைகளிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் பத்து முறை செய்துவிட்டுப் படுத்துக்கொண்ட அப்பாவை நான் என்ன குறை சொல்வது?

ஆனால் கேம் ஆடுகிறவர்களைப் பாருங்கள். ஒரு பட்டனை ஆயிரம் முறை அழுத்தச் சொல்லி ஒரு பையனை உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவான். அதே ஆயிரம் அழுத்தலை ஒரு கேமில் வைத்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான். மருத்துவர்கள் பலருக்கும் இது கண்ணில் பட்டிருக்கிறது.

கையில் பிடித்த ரிமோட்

சோனி நிறுவனம் 2003இல் பிளே ஸ்டேஷன் 2க்காக ஐடாய் என்ற சிறிய கேமராவை வெளியிட்டது. டிவி மேல் அதை வைத்தால், ஆடுபவரின் உருவம் திரையில் தெரியும். கையை வீசினால் திரையில் உள்ள பொருட்கள் அதற்கேற்ப நகரும். குழந்தைகளுக்காக வந்த இதை இஸ்ரேலில் மறுவாழ்வு சிகிச்சை ஆய்வாளர்கள் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள்.

பெரிய அலையைக் கிளப்பியது 2006 நவம்பரில் வந்த நிண்டெண்டோ வீ. இதன் ரிமோட்டைக் கையில் பிடித்து, நிஜ டென்னிஸ் மட்டையைப் போல வீச வேண்டும். அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவமனைகளின் பிசியோதெரபி அறைகளில் இது நுழைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மறுவாழ்வு என்ற சொல்லின் முன் 'வீ'யை ஒட்டி 'வீஹாபிலிடேஷன்' என்று ஒரு புதுச் சொல்லே பிறந்தது.

ரிமோட்டுக்கு நம் கை அசைவது எப்படித் தெரிகிறது? உள்ளே ஆக்சிலரோமீட்டர் என்ற சிப் உள்ளது. அதற்குள் மிக நுண்ணிய ஓர் எடை, ஸ்பிரிங்கில் தொங்குவது போல அமைந்திருக்கும். பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோல ரிமோட் நகரும்போது அந்த எடையும் சற்று இடம் மாறும். எந்தப் பக்கம், எவ்வளவு மாறியது என்பதை சிப் மின் அளவாகக் கூறிவிடும். உங்கள் செல்போனைச் சாய்த்தால் படமும் திரும்புகிறதே, அதற்கும் இதே வகைச் சிப்தான் காரணம். வீயுடன் டிவிக்கு மேல் வைக்க 'சென்சார் பார்' என்று ஒரு பட்டையும் கொடுத்தார்கள். பெயர்தான் சென்சார். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவே. அந்த ஒளியைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. பட்டை உடைந்து போனவர்கள் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஆடியதும் உண்டு. (நீங்கள் முயல வேண்டாம். திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.)

2007 இறுதியில் ஜப்பானில் வீ பேலன்ஸ் போர்டு வந்தது. குளியலறை எடை மெஷின் போல ஒரு பலகை. நான்கு மூலையிலும் எடையை உணரும் கருவிகள். ஏறி நின்றால் உடலின் எடை எந்தக் காலில் எவ்வளவு விழுகிறது என்று திரையில் காட்டும். ஆய்வகங்களில் இதை அளக்கும் கருவியின் விலை இதைப் போல் பல மடங்கு. 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, நின்ற நிலையில் சமநிலையை அளக்க இந்த விளையாட்டுப் பலகையே போதும் என்ற அளவுக்கு முடிவுகள் பொருந்துவதாகக் கண்டார்கள்.

அதே 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் கினெக்ட் கேமராவை வெளியிட்டது. இதற்குக் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தூவி, எதிரில் நிற்பவரின் தலை, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என 20 இடங்களை விநாடிக்கு 30 முறை கணக்கிடும். ரிமோட்டைப் பிடிக்க முடியாத கை உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் 2017இல் மைக்ரோசாப்ட் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வீ கருவியின் காலமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இவற்றை நம்பி சாப்ட்வேர் எழுதிய ஆய்வுக் குழுக்கள் எல்லாம் நடுவழியில் நின்றன. ஒரே நிறுவனத்தின் விளையாட்டுப் பொருளை நம்பி மருத்துவம் செய்வதில் இப்படி ஒரு தொல்லை.

சீட்டுக்கட்டு கொடுத்த அதிர்ச்சி

கேம் ஆடினால் கை சரியாகிவிடுமா? விளம்பரங்களைப் படித்தால் ஆகிவிடும். ஆய்வுகளைப் படித்தால் கதை வேறு.

கனடாவின் டொரண்டோ நகரில் குஸ்தாவோ சபோஸ்னிக் என்ற நரம்பியல் மருத்துவர், 22 நோயாளிகளை வைத்து ஒரு சிறிய சோதனை நடத்தி 2010இல் வெளியிட்டார். பாதிப் பேர் வீ ஆடினார்கள். மீதிப் பேர் சீட்டு, பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கும் ஜெங்கா போன்றவற்றை ஆடினார்கள். வீ ஆடியவர்களின் கை வேகம் கூடுதலாக முன்னேறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு இதையே பெரிய அளவில், 4 நாடுகளில் 14 மருத்துவமனைகளில், 141 நோயாளிகளிடம் நடத்தினார்கள். 2 வாரத்தில் 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2016இல் வந்த முடிவில் இரண்டு குழுவினருமே முன்னேறியிருந்தார்கள். ஆனால் இருவருக்கும் இடையே குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. சீட்டுக்கட்டும் வீயும் சமம்!

இதைப் படித்த இரவு எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த முடிவு கேம்ஸுக்கு எதிரானது அல்ல. சீட்டு ஆடியவர்களும் ஆட்டம்தான் ஆடினார்கள். அவர்களும் ஒரு மணி நேரம் கையைப் பயன்படுத்தினார்கள். பயன் கொடுத்தது திரை அல்ல, கை அசைந்த எண்ணிக்கை. 2017இல் காக்ரேன் அமைப்பு, இதுபோன்ற 72 ஆய்வுகளை ஒன்று சேர்த்து அலசியது. வழக்கமான பயிற்சியை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் கேம் ஆடினால் கூடுதல் லாபம் இல்லை, வழக்கமான பயிற்சியோடு கூடுதலாக ஆடினால் கைக்குப் பலன் கிடைக்கக்கூடும் என்பதே அதன் சாரம். அதாவது பிசியோதெரபிஸ்டை அனுப்பிவிட்டு கேம் வாங்கி வைத்தால் காசுக்குக் கேடு. அவர் வராத நான்கு நாட்களில் அப்பாவின் கையை அசைய வைக்கக் கேம் உதவினால், அது லாபம். என் தேவையும் அந்த நான்கு நாள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கடிதம் வந்தது. 29 வயது பயிற்சி மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை தோள் வலியுடன் எழுந்தார். அடிபடவும் இல்லை, உடற்பயிற்சி செய்யவும் இல்லை. முந்தைய நாள் மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியதுதான் காரணம். அந்த நோய்க்கு 'வீஐடிஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல தோளுக்கே இந்தக் கதி என்றால், பக்கவாதத்தில் தளர்ந்து போன தோளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் எழுதிய பலூன் கேம்

இன்று இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண வெப் கேமராவின் படத்திலிருந்தே உடலின் இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் அவற்றில் ஒன்று. இதில் உடலுக்கு 33 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. வலது தோள் 12, வலது முழங்கை 14, வலது மணிக்கட்டு 16. 16ஆம் எண் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அங்கே ஒரு பலூன் இருந்தால் உடை, ஒரு பாயிண்ட் கொடு என்று எழுதுவது கல்லூரி முதலாமாண்டு மாணவருக்கே எளிது. பிரவுசரிலேயே ஓடும்படி ஒரு வார இறுதியில் எழுதி முடித்துவிட்டேன்.

முதல் நாளே குட்டு வாங்கினேன். பலூன்கள் மேலே பறந்து தப்பித்துக்கொண்டே இருந்தன. ஐந்து தப்பினால் சைரன் சத்தத்துடன் 'கேம் ஓவர்' என்று சிவப்பில் வரும்படி வைத்திருந்தேன். எல்லா கேமிலும் அப்படித்தானே இருக்கிறது? மூன்றாவது சைரனில் அப்பா இடது கையால் மானிட்டரை அணைத்துவிட்டார்.

"ஏற்கெனவே தோத்துட்டுத்தான் தம்பி உட்கார்ந்திருக்கேன். இது வேற சொல்லணுமா?" என்றார்.

அன்றிரவு சைரனை எடுத்துவிட்டேன். பலூனை நிற்க வைத்தேன். பத்துக்கு எட்டு உடைந்தால் அடுத்த பலூனை ஒரு விரற்கடை தள்ளி வை, ஆறுக்குக் கீழே போனால் பக்கத்தில் கொண்டு வா என்று மாற்றினேன். கடைகளில் விற்கும் கேம்ஸ் பெரும்பாலும் நல்ல கை கால் உள்ளவர்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றில் 'ஈஸி' என்ற லெவலே எங்கள் வீட்டுக்கு மலை. ஆட்டம் ஆடுபவரின் அளவுக்கு இறங்கி வர வேண்டும். ஒன்றும் முயலாமலே ஜெயிக்கிற அளவுக்கு இறங்கினால் அதுவும் சலித்துவிடும்.

இன்னொரு மாற்றத்தை அப்பாவே செய்தார். திரையில் வந்த நட்சத்திரம், கைதட்டல், வாண வேடிக்கை எதையும் அவர் சட்டை செய்யவில்லை. ஆட்டம் முடிந்ததும் கடைக் கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, உடைத்த பலூன்களின் எண்ணிக்கையை இடது கையால் கோணல் மாணலாக எழுதினார். 61. மறுநாள் 74. அதற்கடுத்த நாள் 70 வந்ததும், "நாலு குறையுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார். நாற்பது வருடம் கல்லாவைக் கணக்குப் பார்த்து மூடியவருக்குத் துண்டு விழுந்தால் தூக்கம் வருமா? நான் ராத்திரி கண் விழித்து வரைந்த வாண வேடிக்கையை நோட்டு தோற்கடித்துவிட்டது. மூன்றாவது வாரம் 140ஐத் தாண்டினார். நான் பூரித்துப் போயிருந்தேன்.

கணக்கில் வந்த கள்ளம்

பிசியோதெரபி அம்மணி வந்தபோது, பெருமையாக அவர் முன் அப்பாவை ஆட வைத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தார். எழுந்து சென்று அப்பாவின் இரண்டு தோளையும் நாற்காலியோடு சேர்த்து மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப உடைங்க, ஐயா."

கை பலூனுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அப்பாவின் முழங்கை நீளவே இல்லை. இடுப்பை முன்னால் சாய்த்து, தோளைத் தூக்கி, உடம்போடு சேர்த்துக் கையைக் கொண்டுபோய் பலூனைத் தொட்டிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை. உடம்பு எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். ஏமாந்தது என் புரோகிராம். 16ஆம் எண் பலூனைத் தொட்டதா என்று மட்டும்தான் நான் கேட்டேன். அது எப்படி அங்கே போனது என்று கேட்கவில்லை. மூன்று வாரமாகத் தினம் நூறு முறைக்கு மேல், தவறான அசைவுக்குப் பாயிண்ட் கொடுத்து அதையே பழக்கியிருக்கிறேன். நூறு முறை செய்தால் தடம் விழும் என்று மேலே சொன்னேன் அல்லவா? தவறான சந்திலும் தடம் விழும்.

"இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போயிருந்தா மாத்தறது கஷ்டம், தம்பி. தோள் வலியும் வந்திருக்கும்" என்றார் அம்மணி. திட்டவில்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

அவர் சொன்ன தீர்வுக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. ஒரு துண்டை எடுத்து அப்பாவின் மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டினார். உடம்பு முன்னால் போக முடியாது, கைதான் நீண்டாக வேண்டும். ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்த முறை இது. நான் என் பங்குக்குப் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு தோள்களும் உள்ள இடத்தைக் குறித்துக்கொள், வலது தோள் அதிலிருந்து உயர்ந்தாலோ விலகினாலோ பாயிண்ட் கொடுக்காதே. முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதை 12, 14, 16 ஆகிய மூன்று புள்ளிகளின் கோணத்தை வைத்துக் கணக்கிட்டேன்.

மறுநாள் நோட்டில் எழுதப்பட்ட எண் 19.

அப்பா அன்று நோட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் ஆடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நான்காம் நாள், "பழைய கணக்கு கள்ளக் கணக்கு. புது நோட்டு எடு" என்றார். கடையிலிருந்து புது நோட்டு வந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 22 என்று எழுதினார்.

உங்கள் வீட்டில் செய்து பார்க்க

புரோகிராம் எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்கிராட்ச் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. குழந்தைகள் புரோகிராமிங் கற்க எழுதப்பட்டது. பிரவுசரில் அதன் தளத்தைத் திறந்து 'கிரியேட்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். இடது கீழ் மூலையில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பட்டன் இருக்கும். அதில் 'வீடியோ சென்சிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கேமராவுக்கு அனுமதி கேட்கும். கொடுத்தவுடன் உங்கள் முகம் திரையில் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். பூனைப் படத்தை நீக்கிவிட்டு ஒரு பலூன் படத்தைக் கொண்டு வாருங்கள். பலூன் மேல் வீடியோவில் அசைவு 30க்கு மேல் போனால் ஸ்கோரில் ஒன்றைக் கூட்டு, பலூனை வேறு இடத்துக்கு நகர்த்து என்று மூன்று கட்டங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினால் கேம் தயார். பலூனைத் திரை முழுக்க அலைய விடாதீர்கள். வலது கைக்குப் பயிற்சி என்றால் எக்ஸ் அளவை 40 முதல் 200 வரையும், ஒய் அளவை மைனஸ் 100 முதல் 20 வரையும் வைத்துக்கொண்டால் பலூன் வலப்பக்கத்தில், தோளுக்கு மேல் போகாமல் நிற்கும். ஆட்கள் உட்காரும் தூரத்தைப் பொறுத்து இந்த எண்களைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும். ஸ்கிராட்சுக்குத் தோள், முழங்கை எதுவும் தெரியாது. எது அசைந்தாலும் பாயிண்ட் கொடுக்கும். எனவே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பது அவசியம். அந்தத் துண்டையும் மறக்காதீர்கள்.

சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி வேண்டவே வேண்டாம். கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலிதான் நல்லது. வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் கேமராவுக்கு ஆள் கருப்பாகத்தான் தெரிவார். எந்த அசைவு, எவ்வளவு உயரம், எத்தனை நிமிடம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். எங்களுக்கு 20 நிமிடம் என்றார். தோளில் வலி வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். நின்று ஆடும் கேம்களை ஆள் துணையின்றி ஆட விடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்குப் பளிச் பளிச்சென்று மின்னும் கேம்கள் ஆகாது.

நல்ல கை இடது கையாக இருப்பவர்களுக்கு ஒரு சின்ன உதவி. விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போனால், முதன்மை பட்டனை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பாயிண்டரின் வேகத்தையும் அங்கேயே குறைக்கலாம். அப்பா இப்போது இடது கையால் மொத்த வியாபாரியின் விலைப் பட்டியலை அவரே திறந்து பார்க்கிறார்.

புது நோட்டில் ஏழு மாதக் கணக்கு ஆகிவிட்டது. கடைசியாக எழுதியது 118. முழங்கை முக்கால் அளவுக்கு நீள்கிறது. அரிசி அளக்கும் படியை வலது கையால் பிடித்து நிறுத்துகிறார், இடது கையால் அள்ளுகிறார். அந்தப் பழைய 140 எப்போதாவது வருமா என்று அம்மணியிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இப்போது வேறு ஆசை வந்திருக்கிறது. பொட்டலத்துக்கு நூல் சுற்றுகிற மாதிரி ஒரு கேம் வேண்டுமாம். மீடியாபைப்பில் கைக்கு மட்டும் 21 புள்ளிகள் தனியாக உண்டு. ஒவ்வொரு விரலின் நுனியும் தெரியும். எழுதத் தொடங்கினேன். ஆனால் அவர் விரல்கள் இன்னும் பாதி மூடியே இருப்பதால், எது எந்த விரல் என்று கேமரா குழம்புகிறது. விரல் திறக்கிற வரை பொறுக்கச் சொன்ன அம்மணி, அதுவரைக்கும் துணி மாட்டும் கிளிப்புகளை மாட்டிக் கழற்றச் சொல்லியிருக்கிறார். மானிட்டரின் ஓரத்தில் இப்போது பன்னிரண்டு கிளிப்புகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கும் நோட்டில் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது.